செருப்பை வெளியே விடவும்

எங்கள் வீட்டு கேட்டுக்கு உள்பக்கம், காம்பவுண்டுச் சுவரில், நான்கு ஆணித் துளைகள் இருக்கின்றன. அங்கே ஒரு தகரப் பலகை மாட்டியிருந்தேன். ‘செருப்பை வெளியே விடவும்’ என்று பச்சைப் பெயிண்டில் நானே எழுதியது. எழுத்து கொஞ்சம் கோணல்தான், ஆனால் சட்டம் நேரானது. பதினோரு வருஷத்தில் அந்தச் சட்டத்தை ஒரே ஒருத்திதான் மீறினாள்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு முட்டுச் சந்தில் இருக்கிறது. கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. மேலே ஒன்றில் நான், மற்ற மூன்றும் வாடகைக்கு. என் வீட்டுக்காரர் கட்டியது. கட்டி முடித்த மூன்றாம் வருஷமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் வேலை பார்த்துக்கொண்டே இந்த வீட்டை நான் ஒருத்தியாகத்தான் மேய்த்தேன். மேய்த்தேன் என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். எந்தக் கொடியில் யார் துணி காயப்போடுவது, மோட்டார் எப்போது ஓடும், குப்பை வாளி எங்கே இருக்கும் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு சட்டம் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் இருக்கிற மெயின் போர்டுப் பெட்டிக்குக்கூடப் பூட்டு போட்டு, சாவியை இடுப்பில் கொத்தோடு சொருகி வைத்திருந்தேன். ஆளாளுக்கு ஃபியூஸைப் பிடுங்கினால் வீடு என்னத்துக்காகும் என்பது என் கட்சி.

செருப்புச் சட்டம் வந்தது தரையால். கீழே நடையிலும் பின்கட்டிலும் ஆசைப்பட்டு டைல்ஸ் பதித்தேன். பின்கட்டு என்றால் பின்வீட்டுக்காரர்கள் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் குழாயோடு இருக்கிற சின்ன முற்றம். அதில் யாராவது செருப்புக் காலோடு மண்ணை மிதித்துவிட்டு வந்தால் என் நெஞ்சில் மிதித்த மாதிரி இருக்கும். ஆனால் நான் மட்டும் போடலாம். எனக்குக் குதிகால் வலி. வீட்டுக்குள்ளேயும் எம்.சி.ஆர். செருப்பு போட்டுத்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தத் தடித்த ரப்பர் செருப்போடு மேலும் கீழும் போய் எல்லார் காலையும் பார்த்துக்கொண்டு திரிவேன்.

முன்வீட்டில் மாவு வியாபாரம் செய்கிற தம்பதி. ராஜபாளையத்துக்காரர்கள், வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். மதியம் மூன்று மணிக்குப் பெரிய கிரைண்டரைப் போட்டால் ஐந்தரை வரைக்கும் கடகடவென்று ஓடும். அப்புறம் அவர் தூக்குவாளிகளை டிவிஎஸ்-50இல் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். அந்த அம்மாள் அரைக்கும்போது ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல்தான் நிற்பாள். கிரைண்டருக்குப் பக்கத்தில் இருக்கிற குழாயைத் திறப்பதும் அந்தப் பலகையில் நின்றுதான். கால் ஈரமாகாமல் இருக்க என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பின்வீட்டில் புதுசாகக் கல்யாணமான ஜோடி. பையன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஷிஃப்ட் வேலை. அந்தப் பிள்ளைக்கு ஊர் வத்திராயிருப்புப் பக்கம் வ. புதுப்பட்டி. வரும்போதே மூன்று மாசம். மெலிந்த உடம்பு, மெலிந்த குரல். என்னை அத்தை என்று கூப்பிடுவாள். தலைப்பிரசவம், அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது என்று அவள் அம்மா வாடகை பேச வந்த அன்றைக்கே என் காதில் போட்டுவிட்டுப் போனார். இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகக் கைக்கு வர வேண்டும் என்பதுதான் அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நினைப்பு. அதனால்தான் மாடி வேண்டாம், கீழ்வீடு வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள்.

அந்தக் கோடையில் நான் குழாய் வேலை பார்த்தேன். பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து, தண்ணீர் செங்கல் கரைத்த மாதிரி வந்தது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் மாற்றலாம், ஆனால் கீழ்வீடுகளில் சுவரை உடைக்க வேண்டும் என்றார். என் டைல்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. சுவரை உடைக்க வேண்டாம், மண்ணுக்குள் இருக்கிற அடிக்குழாயை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போடுங்கள் என்றேன். மேலே இரண்டு வீட்டுக்கும் வெளிச்சுவரோடு பிளாஸ்டிக் குழாய், பிளாஸ்டிக் திருகு. கீழ்வீடுகளில் சுவருக்குள் இருக்கிற இரும்பு அப்படியே இருக்கட்டும். சுவர் தப்பித்தது என்று அன்றைக்கு எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஆடி மாசம் அந்தப் பிள்ளை முதல் தடவை மேலே வந்தாள். ஆறு மாச வயிறு. படியேறிய மூச்சு வாங்க நின்றாள்.

“அத்தை, பின்னாடி பைப்பத் தொட்டா சுருக்குங்குது.”

“எறும்பு கடிச்சிருக்கும்.”

“எறும்பில்ல அத்தை. கரண்டு மாரி இருக்கு. சாயங்காலந்தான் அடிக்கி.”

சாயங்காலம் என்று அவள் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு டெஸ்டரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். குழாயில் வைத்தேன், எரியவில்லை. சுவரில், திருகில், எங்கே வைத்தாலும் எரியவில்லை. ஒரு கிளார்க்குக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? “பிள்ளத்தாச்சிக்குக் கையி காலு மரமரன்னுதான் இருக்கும், சத்து மாத்திரைய ஒழுங்காச் சாப்பிடு” என்று வைத்தியமும் சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

எங்கள் சந்தில் திரியும் ஒரு சாம்பல் பூனைக்கு அந்தக் குழாய்தான் தண்ணீர்த் தொட்டி. சொட்டுச் சொட்டாக விழுகிற இடத்தில் தினம் வந்து நக்கும். ஆவணியில் ஒருநாள் மாலை மேல் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பூனை வந்தது, முன்கால்களைக் குழாயில் ஊன்றி எட்டி வாயை வைத்தது, ஒரு கத்து கத்திச் சுவர் உயரத்துக்கு எம்பிக் குதித்து ஓடியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பூனை எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. ஒரு பூனைக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

புரட்டாசியில் முதல் மழை பெய்தது. செண்பகத்தோப்புப் பக்கம் மலை கறுத்துவிட்டால் எங்களுக்கு அரை மணி நேரத்தில் மழை. பின்கட்டுத் தரை காயவே இல்லை. இந்தத் தடவை அவள் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“கையப் பிடிச்சு இழுக்கிற மாரி இருக்காம், அத்தை. ஒரு எலக்ட்ரீசியன வரச் சொல்லுங்களேன்” என்றான் அவன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. புதுக்குழாய் போட்டு நாலு மாசம் ஆகவில்லை, அதற்குள் குறை. விறுவிறுவென்று இறங்கிப் போனேன். முன்வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பின்கட்டில் ஈரத் தரையில் நின்று, அவர்கள் இரண்டு பேரும் பார்க்க, குழாயை ஒரு கையால் இறுகப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு கையையும் வைத்தேன். ஒன்றும் இல்லை. “பாத்துக்கோ. எங்க அடிக்கி?” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். மழை முடியட்டும், மார்கழியில் ஆள் கூப்பிடலாம் என்று பெரிய மனசு பண்ணிச் சொல்லிவிட்டு வந்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வரவே வழியில்லாமல் ரப்பர் போட்டு அடைத்து வைத்திருந்தேன்.

ஐப்பசி பிறந்தது. ஒன்பதாம் மாசம். அவள் அம்மா வெற்றிலை பாக்கோடு வந்து வளைகாப்புக்கு அழைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வளையல் போட்டு அன்றைக்கே ஊருக்குக் கூட்டிப் போகிறோம், பேறுகாலம் அங்கேதான் என்றார். “இன்னும் எட்டு நாளு ஒங்க பொறுப்பு மதினி” என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நான் இருக்கிறேன், நீங்கள் நிம்மதியாகப் போங்கள் என்றேன்.

அதற்கு மறுநாள்தான் அவளைச் செருப்போடு பார்த்தேன். பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். காலில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. என் டைல்ஸில் சேறும் சோப்புத் தண்ணீரும் கலந்து அதன் தடம் வரிசையாகக் கிடந்தது.

“ஏட்டி, கேட்டுல எழுதிப் போட்டிருக்கது ஒன் கண்ணுக்குத் தெரியலயா?”

அவள் பயந்து எழுந்தாள். “இல்லத்தை. இதப் போட்டுக்கிட்டுத் தொட்டா அடிக்க மாட்டேங்கி. அதான்.”

அவள் கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு என் காலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். பத்தாவதுகூட முடிக்காத பிள்ளை. முப்பது வருஷம் ஆபீஸில் உட்கார்ந்து அடுத்தவர் தப்பைத் திருத்திய நான், அவள் எனக்குக் கதை சொல்கிறாள் என்று நினைத்தேன். இன்றைக்கு நீ ஒரு காரணம் சொல்லுவாய், நாளைக்கு முன்வீட்டுக்காரி ஒரு காரணம் சொல்லுவாள், அப்புறம் நான் எதற்குப் பலகை எழுதி மாட்டியிருக்கிறேன் என்று நாலு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். அவள் “சரிங்கத்தை” என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்து போய், கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். வெறுங்காலின் ஈரத் தடம் நடை முழுக்க இருந்தது. அதை நான் துடைத்துக்கூட விட்டேன்.

வியாழக்கிழமை. மதியம் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கீழே கிரைண்டர் ஓடுகிற சத்தம். நான் காப்பிக்குப் பாலை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கீழே ஒரு குடம் விழுந்து உருண்டது. அதற்கப்புறம் ஒரு சத்தம் வந்தது. அதை அலறல் என்று சொல்ல முடியாது. வாயைக் கட்டிவிட்டு அலறச் சொன்னால் வருமே, அப்படி ஒரு முனகல், விடாமல் ஒரே சுருதியில் வந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் குழாயைப் பிடித்தபடி நின்றாள். விட முடியாமல் நின்றாள். உடம்பு வெடவெடவென்று ஆடியது. இன்னொரு கை வயிற்றில் இருந்தது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மெயினை அணைக்க வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. மாடிப்படிக்கு அடியில் போய் நின்றால் முன்னால் என் பூட்டு. இடுப்பில் கொத்துச் சாவி. எட்டுச் சாவி அதில். ஒரு சாவியும் பூட்டுக்குள் போகவில்லை. முதல் சாவி பீரோவுடையது. இரண்டாவது மொட்டை மாடியுடையது. அந்த முனகல் நிற்கவில்லை. யாரும் தொடக்கூடாது என்று நான் போட்ட பூட்டை நானே திறக்க முடியாமல், தெய்வமே தெய்வமே என்று பெட்டியைக் கையால் குத்திக்கொண்டு நின்றேன்.

முன்வீட்டு அம்மாள் தெலுங்கில் ஏதோ கத்திக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினாள். கையில் அவள் நிற்கிற மரப்பலகை. பின்கட்டு வாசலில் நின்றபடியே அந்தப் பலகையை ஓங்கி அந்தப் பிள்ளையின் மணிக்கட்டில் அடித்தாள். ஒன்று, இரண்டு. மூன்றாவது அடியில் பிடி விட்டது. அந்தப் பிள்ளை துணி சரிந்த மாதிரி தரையில் விழுந்தாள். அதற்கப்புறம்தான் என் சாவி பூட்டுக்குள் போனது.

ஆட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது. உள்ளங்கை கருகியிருந்தது. குண்டும் குழியுமாகக் கிடந்த ரோட்டில் நான் அவள் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு அசைவும் இல்லை. கல் மாதிரி இறுகியிருந்தது. பாதி வழியில் அவள் கண் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் பயம் வந்தது. உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறாள் என்று குனிந்தேன்.

“செருப்பு போடல, அத்தை” என்றாள்.

அதைத்தான் சொன்னாள். பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை, வலிக்கிறது என்று சொல்லவில்லை. நான் திட்டப்போகிறேன் என்று நினைத்து அதைச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து வந்த முன்வீட்டு அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தை வெளிப்பக்கம் வைத்துக்கொண்டாள். ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாமா என்று எனக்கு இருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. இடம் மாற்றினார். மறுபடியும் கரகர. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்துக்குள் நான் என் வீட்டையே வேண்டாம் என்று நேர்ந்துகொண்டேன். பிறகு எங்கோ அடியிலிருந்து டக்டக்கென்று ஒன்று கேட்டது. துடிப்பு இருக்கிறது என்று நர்ஸ் தலையை ஆட்டினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் புருஷனுக்கு மில்லுக்குப் போன் போயிருந்தது. யூனிஃபார்மோடு, பஞ்சு ஒட்டிய தலையோடு ஓடிவந்தான். என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் அடிக்கவில்லை, கத்தவுமில்லை. “அத்தை, மூணு தடவ சொன்னோம்ல” என்றான். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு குட்டியானை வண்டியோடு வந்து சாமான்களை ஏற்றினான். சாவியை என் கையில் தராமல் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனான்.

எலக்ட்ரீசியன் வந்து அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். வீடு கட்டும்போது எர்த்துக்குத் தனியாகக் குழி தோண்டவில்லை. அந்தக் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் நிறைய வீட்டில் அப்படித்தானாம். “இரும்புக் குழா மண்ணுக்குள்ள போற வரைக்கும் கரண்டு லீக்கானாலும் மண்ணுக்குப் போயிரும்க்கா. நீங்க அடிக்குழாய வெட்டிப் பிளாஸ்டிக்க வச்சிட்டிய. கிரைண்டர் லீக்காகுது. அதுக்குப் போக வழியில்ல. செவுத்துக்குள்ள இருக்க குழாய்ல நின்னுக்கிட்டே இருக்கும். வெறுங்காலோட எவன் தொடுதானோ அவன் வழியாத்தான் போகும்” என்றார். பிறகு என் காலைப் பார்த்தார். “ஒங்கள ஒண்ணும் செய்யாது” என்றார்.

முன்வீட்டு அம்மாளிடம் கேட்டேன், கிரைண்டர் அடிக்கிறது என்று உனக்குத் தெரியுமா என்று. “லேசாச் சுருக்குங்கும்க்கா. எல்லா மாவுக்கடையிலயும் அதான், பலகை போட்டுத்தான் நிப்போம்” என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். “சொன்ன பிள்ளைய நீங்க என்ன சொன்னீங்கன்னுதான் கேட்டுக்கிட்டு இருந்தேனேக்கா” என்றாள். 

எர்த்துக்குக் குழி தோண்டினேன். கரண்டு கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச் போட்டேன். டைல்ஸையும் சுவரையும் உடைத்து இரும்பு முழுவதையும் பிடுங்கினேன். போர்டுப் பெட்டிப் பூட்டைச் சந்து முனைப் பாழுங்கிணற்றில் போட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், ஆனாலும் செய்தேன். கார்த்திகைக் கடைசியில் வ. புதுப்பட்டியில் பெண் குழந்தை பிறந்ததாக முன்வீட்டு அம்மாள் சொன்னாள். நல்லாயிருக்கிறதாம், அழுகிறதாம், பால் குடிக்கிறதாம். ஆனால் அம்மாவின் வலது கை விரல்கள் இரண்டு மடங்கவில்லையாம். பிள்ளையைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறதாம். போய்ப் பார்க்க வத்திராயிருப்பு பஸ்ஸில் ஒருநாள் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்புவதற்குள் இறங்கிவிட்டேன்.

அந்த நீல வார் செருப்பு கேட்டுக்கு வெளியே, அவள் வைத்த இடத்திலேயே ரொம்ப நாள் கிடந்தது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்தது. எடுத்துப் போட எனக்குத் தைரியமில்லை. ஒருநாள் குப்பை வண்டிக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள்.

தை பிறந்து பின்வீட்டுக்கு ஆள் வந்தார்கள். புருஷன், பொண்டாட்டி, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. தகரப் பலகையை நான் கழற்றிவிட்டிருந்தாலும் பழக்கதோஷத்தில் அந்தப் பெண் கேட்டருகே குனிந்து செருப்பைக் கழற்றப் போனாள்.

“கழட்டாத!” என்று கத்தினேன். குழந்தை திடுக்கிட்டு அழுதது. “போட்டுக்கிட்டே வா. வீட்டுக்குள்ள, பின்கட்டுல, குளிக்கையில, எல்லா எடத்துலயும் போட்டுக்க.”

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

நான் இப்போது செருப்பு போடுவதில்லை. குதிகால் வலி உயிர் போகிறது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, கிரைண்டர் சத்தம் நன்றாகக் கேட்கும்போது, பின்கட்டில் ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அதில் வெறுங்காலோடு நின்று அந்தக் குழாயைப் பிடிக்கிறேன். அது பிளாஸ்டிக் குழாய், அதில் எப்படி அடிக்கும், டெஸ்டர் எதற்கு இருக்கிறது என்று எலக்ட்ரீசியன் தலையில் அடித்துக்கொள்கிறார். அவருக்கு என்ன தெரியும். பிடித்துக்கொண்டு நூறு எண்ணுகிறேன். ஒன்றும் இல்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னபோது நான் இவ்வளவு நேரம் பிடிக்கவில்லை.